ஒரு செனட்டரும் எங்கள் லயமும்

1

தேர்தல் முடிந்த இரண்டு மூன்று நாட்களில் இங்கே பலகைகளைப் பிடுங்கிவிடுகிறார்கள். தங்களுக்குப் பிடித்த வேட்பாளரின் பெயர் எழுதிய சிறு பலகையை வீட்டு முன்னால் புல்லில் நட்டுவைப்பது இந்த ஊர் வழக்கம். போஸ்டர் கிடையாது. ஒலிபெருக்கி கட்டிய வேன் கிடையாது. மதிலில் வேட்பாளரின் இலக்கம் எழுதுவது கிடையாது. இன்று காலை நான் வேலைக்குப் புறப்படும்போது ஒரு பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள். "வாழ்த்துகள், நாம் வென்றுவிட்டோம்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, எங்கள் பலகையையும் பிடுங்கி மற்றப் பலகைகளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு போனாள்.

அவள் சொன்ன 'நாமில்' நான் இல்லை. எனக்கு இங்கே வாக்கு இல்லை. ஆனாலும் இந்தச் செனட்டர் வெல்ல வேண்டுமென்று என்னளவுக்கு ஏங்கியவர்கள் இந்த மாநிலத்தில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். இலங்கையில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் இருந்தார்கள்.

2

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வடக்கு மூலையில், வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் மிகச் சிறிய மாநிலம் இது. ஏறக்குறைய நம் நுவரெலியா மாவட்டத்துச் சனம்தான் மொத்த மாநிலத்திலும். ஆனாலும் பெரிய மாநிலங்களைப் போலவே இதற்கும் தலைநகரில் உள்ள மேல்சபையில் இரண்டு செனட்டர்கள். சிறிய இடம் என்பதால் அவர்களைக் கடைத்தெருவிலேயே பார்க்கலாம். அதிலொருவர் மிக நீண்ட காலமாகப் பதவியில் இருப்பவர். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய நாட்களிலும் அவர்தான் இங்கே செனட்டர். இந்த முறைதான் அவருக்கு எதிராகப் பலமான ஓர் ஆள் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இவ்வளவு சலுகை எதற்கு என்பதே அந்த ஆளின் பேச்சு.

நான் ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு புலமைப்பரிசில் பெற்று இங்கே வந்தேன். யாருடைய சிபாரிசிலும் வரவில்லை. இதை நான் அடிக்கடி சொல்வேன். அதில் எனக்கு வெட்கமில்லை. கணவர் ரமணன் யாழ்ப்பாணத்துக்காரர், ஆசிரியர் வீட்டுப் பிள்ளை. மகள் கயல் இங்கே பிறந்தவள், மூன்றாம் வகுப்பு. அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

நிரந்தரமாக இங்கே வாழ்வதற்கு நானும் கணவரும் விண்ணப்பம் போட்டு நெடுநாளாகக் காத்திருக்கிறோம். முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டுமென்றால் தனியாக ஒரு பயண அனுமதி எடுக்க வேண்டும். எடுக்காமல் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள். திரும்பி உள்ளே வர முடியாது. அந்த அனுமதிக்கும் மாதக்கணக்கில் வரிசை.

இந்த நிலையில்தான் அப்பாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அவர் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடித்தவர். முதுகில் டாங்கி, வாயில் ஒரு பழைய சாரத்துண்டு; அவ்வளவுதான் பாதுகாப்பு. நுவரெலியா ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். டவுனில் ஆட்டோ ஓட்டும் தம்பி சிவாவுக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் நாங்கள் சொல்லவில்லை.

3

அனுமதி தாமதமானால் செனட்டரின் அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம், அவர்கள் குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதுவார்கள் என்று ஆய்வுகூடத்தில் ஒரு தோழி சொன்னாள். போனேன். கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் சிறிய அலுவலகம். எலன் என்ற நடுத்தர வயதுப் பெண் என்னை உட்காரவைத்து, தண்ணீர் தந்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அப்பாவின் வைத்திய அறிக்கைகளை வாங்கிக்கொண்டாள். அவசர அனுமதி கேட்டு எழுதுவதாகச் சொன்னாள். சில வாரங்களில் பதில் வரலாம் என்றாள்.

அன்று அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் பேசுவதற்கு முன்னால் மூச்சைச் சேர்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஒனக்கு அங்க ஓட்டு இருக்கா பாப்பா?"

"இல்லப்பா."

"அப்ப நம்ம பழைய கததான்."

பழைய கதை என்று அவர் சொன்னது என்னவென்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்பா எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவர். இளமை முழுக்கக் குடியுரிமையும் வாக்கும் இல்லாமல், எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல முடியாமல் இருந்தவர். தலைமயிர் நரைக்கத் தொடங்கிய பிறகுதான் முதல் முறை வாக்குப் போட்டார். அன்றைக்கு விரலில் பூசிய மையைக் காட்டிக்கொண்டு லயத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் அறைக்கும், காம்பரா காம்பராவாகப் போய்வந்தாராம்.

"தனியாவா போன?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. இங்க அப்பிடித்தான்."

"எங்கயும் அப்பிடி இல்ல பாப்பா. தனியா போயி நின்னா நீ யாருன்னு கேப்பாங்க. லயத்தோட போனாத்தான் ஒக்கார சொல்லுவாங்க. ஓட்டு இருக்கவங்கள கூட்டிட்டு போ. வெறுங்கையோட போகாத."

"அவங்க என்னைய ஒக்காரத்தான் சொன்னாங்கப்பா."

"காயிதம் குடுத்தாங்களா?"

இல்லை. காகிதம் இன்னும் வரவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காற்றில் எங்கள் லயத்தின் கூரை பறந்தது. தோட்ட நிர்வாகம் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த லயமும் ஒரு லொறியில் ஏறி ஹட்டன் நகரில், தேர்தலிலும் நிற்கும் தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனது. தோட்டத் தலைவர் மாலையோடு முன்னால் நின்றார். நான் அப்பாவின் தோளில் இருந்தேன். சங்கத் தலைவர் வெளியே வந்து கழுத்தை நீட்டினார், மாலை விழுந்தது. அவர் கண் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் போனது எனக்கு நினைவிருக்கிறது. எத்தனை வாக்கு என்று பார்க்கிறார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் கூரைக்குத் தகரம் வந்து இறங்கியது. படித்து ஆளான பிறகு அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். இப்படி யார் வாசலிலும் நிற்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் பல்கலைக்கழகம் போனேன்.

ஆனால் தகரம் வந்தது.

4

எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீடுகளெல்லாம் பூட்டானிலிருந்து துரத்தப்பட்ட நேபாளிகள். நேபாளத்தில் அகதி முகாமில் நெடுங்காலம் இருந்துவிட்டு இங்கே வந்து குடியுரிமை பெற்றவர்கள். வாக்கு உள்ளவர்கள். அடுத்த கதவுக்காரி மாயா. நான் அவரை 'தீதி' என்று கூப்பிடுவேன். அவர்கள் பேச்சில் அக்கா. எங்களுக்குள் அரைகுறை ஆங்கிலமும் கொஞ்சம் இந்தியும்தான். அப்பா சொன்னதையும் அந்த லொறிக் கதையையும் அவரிடம் சொன்னபோது, நான் நினைத்ததைப்போல அவர் சிரிக்கவில்லை.

"சரியாகத்தானே சொல்லியிருக்கிறார். முகாமில் நாங்களும் அப்படித்தான் போவோம்" என்றார். "மாலைக்குப் பூ என் தோட்டத்திலேயே இருக்கிறது."

ரமணனுக்குத்தான் பிடிக்கவில்லை.

"உமக்கென்ன விசரே? இஞ்ச உப்பிடி ஒருத்தரும் செய்யிறேல்லை."

"யாரும் செய்யலன்னா, செஞ்சா கவனிப்பாங்கல்ல."

"படிச்ச பிள்ளை. தோட்டத்து ஆக்கள் மாதிரி மாலையோட போய் நிக்கப்போறீரோ?"

"நான் தோட்டத்து ஆள்தாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை. கயலை என்னோடு அனுப்பவும் மறுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை செனட்டர் தன் அலுவலகத்துக்கு வந்து மக்களைச் சந்திப்பதாக அறிவிப்பு இருந்தது. மாயா தீதியின் வீட்டார், மேல்மாடிக் குடும்பம், எதிர்வீட்டு முதியவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஆண்கள் நேபாளித் தொப்பி போட்டிருந்தார்கள். நான் சேலை கட்டி, கயலைக் கையில் பிடித்திருந்தேன். உறைபனி விழுமுன் பறித்த செவ்வந்தியில் தீதி கட்டிய மாலை, கை கொள்ளாத பாரம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்த இடத்தில் நாங்கள் கூட்டமாகப் படியேறினோம். எலன் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, கலக்கம் இருந்தது. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

செனட்டர் உயரமான, நல்ல மனிதர். மாலையைக் கண்டதும் சிரித்துக்கொண்டே குனிந்தார். தீதி போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் முன்னால் போய், வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஐயா, இவர்கள் எல்லோரும் உங்களுக்கே வாக்களிப்பார்கள். எங்கள் குடியிருப்பு முழுக்க உங்கள் பக்கம். என் அப்பாவைப் பார்க்கப் போக எனக்கு அனுமதி வாங்கிக் கொடுங்கள்."

செனட்டரின் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் கண் மாறிவிட்டது. அவர் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எலன் வேகமாக வந்து என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

"நீங்கள் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இங்கே வைத்து, இப்போது, கட்டாயம் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

கதவருகில் ஓர் இளைஞன் போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தான். எதிர் வேட்பாளரின் ஆள். செனட்டர் எங்கே போனாலும் பின்னால் போய்ப் படம் எடுப்பதே அவனுக்கு வேலை என்று பிறகுதான் அறிந்தேன்.

5

இரண்டு நாளில் அது எதிர் வேட்பாளரின் விளம்பரமாகத் தொலைக்காட்சியில் வந்தது. கழுத்தில் செவ்வந்தி மாலையோடு சிரிக்கும் செனட்டர், தொப்பி போட்ட முதியவர்கள், என் குரல். பிறகு கனமான ஓர் ஆண் குரல்: "உங்கள் செனட்டர் யாருக்காக வேலை செய்கிறார்?" என் முகத்தை மறைத்திருந்தார்கள். இந்தச் சிறிய ஊரில் அந்தச் சேலையை அடையாளம் காண முகம் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் பேச்சை மட்டும் மாற்றினார்கள்.

எலன் கூப்பிட்டாள். வாக்குக்குப் பதிலாக உதவி கேட்டதாகப் புகார் போயிருக்கிறது, சட்டத்தரணிகள் சொல்லிவிட்டார்கள், தேர்தல் முடியும்வரை உங்கள் விஷயத்தில் நாங்கள் ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாது என்றாள். திணைக்களத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் கேட்டு நினைவூட்டக்கூட முடியாதாம். மற்றச் செனட்டரின் அலுவலகத்துக்குப் போனேன். ஓர் அலுவலகம் எடுத்த விஷயத்தை இன்னோர் அலுவலகம் எடுப்பதில்லை என்றார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கயல் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். கையைப் பிடிக்கப் போனேன், பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"அவருக்குக் காசு கொடுத்தீங்களா அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "பிள்ளைகள் சொல்கிறார்கள்."

"இல்ல. மாலதான் போட்டோம்."

"ஏன்?"

ஏன் என்பதை அவளுக்குச் சொல்ல ஒரு லொறியும், ஒரு கூரையும், நெடுங்காலம் வாக்கில்லாதிருந்த ஒரு கிழவரும் வேண்டும். தமிழில் தொடங்கினேன். "எல்லாரும் பார்க்கிறார்கள், வீட்டில் போய்ப் பேசலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வீட்டில் அவள் கேட்கவில்லை.

நான் செய்தது குற்றம் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. இங்கே மாலை இல்லை, அவ்வளவுதான். பணக்காரர்கள் விருந்து வைத்து, ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று செனட்டருக்குக் காசு சேர்த்துக்கொடுக்கிறார்கள். மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்கிறார்கள். நான் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

சிவா அங்கிருந்து போன் எடுத்தான். குரலில் ஒரே உற்சாகம்.

"அக்கா! வீடியோ பாத்தோம் அக்கா. ஒங்க ஊரு டீவியிலயே போட்டுட்டானுங்க!"

"யாரு காட்டினா?"

"ஃபேஸ்புக்குல வந்துச்சு. அப்பா எத்தன தடவ பாத்துட்டாரு தெரியுமா? லயமே நம்ம காம்பராவுலதான். 'எங்க பாப்பா தொரைக்கே மால போட்டுருச்சு'ன்னு ஒரே பெரும."

அந்தக் கனமான குரல் என்ன சொல்கிறது என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. பாராட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. சிவா போனை அவர் வாயருகில் பிடித்தான்.

"பாப்பா... நல்லா செஞ்ச. கழுத்த நீட்டுனாரு பாத்தியா? நீட்டுனாருன்னா செய்வாரு."

"ஆமாப்பா."

"நம்மாளு செயிச்சிருவாரா?"

"செயிச்சிருவாருப்பா."

"தேர்தல் முடியட்டும். அதுவரைக்கும் நான் இருப்பேன். நீ பயப்படாத."

சிவாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் போனோடு காம்பராவை விட்டு வெளியே போவது கேட்டது. பிறகு, "அப்பாகிட்ட சொல்ல வேணாம் அக்கா. இந்த ஒரு நெனப்புலதான் சோறு தின்றாரு" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை லயத்துக்காரர்கள் முனியாண்டி கோயிலில் செனட்டர் பெயருக்குத் தேங்காய் உடைத்தார்கள். பூசாரி பெயரைச் சொல்லத் திணறி, "வெள்ளக்கார தொர, பாப்பாவோட தொர" என்று சொல்லி அர்ச்சனை செய்தாராம். நட்சத்திரம் கேட்டதற்கு அம்மா, அப்பாவின் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டார். சிவா சொன்னபோது இருவரும் சிரித்தோம். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தோம். அதன்பிறகு அப்பா தினமும் காலையில் கேட்பாராம்: "நம்மாளு முன்னுக்கு நிக்கிறாரா?" கருத்துக்கணிப்பில் செனட்டர் பின்தங்கிக்கொண்டிருந்தார். அந்த வீடியோவும் ஒரு காரணம் என்று எழுதினார்கள். சிவா மட்டும், "முன்னுக்குத்தான்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அனுமதி இல்லாமலே போய்விடலாமா என்று ரமணனிடம் கேட்டேன். போனால் கயலை விட்டுப் போக வேண்டும், எப்போது திரும்புவேன் என்று யாராலும் சொல்ல முடியாது. "போகாதேயும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா பிள்ளைக்கு என்ன சொல்லுறது எண்டும் எனக்குத் தெரியேல்லை" என்றார். பயணச்சீட்டு விலையைப் பார்த்துப் பார்த்து மூடிவைத்தேன். தேர்தலுக்கு இன்னும் சில நாட்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

6

தேர்தலுக்கு முந்திய வாரம் அப்பா போய்விட்டார். காலையில் தேநீர் குடித்துவிட்டுச் சாய்ந்தவர்.

அடக்கத்தை வட்ஸ்அப்பில் பார்த்தேன். தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். மழைத் தூறல். தப்பு மேளச் சத்தம் விட்டு விட்டு வருகிறது. சிவாவுக்கு மகனாக எல்லாக் காரியமும் செய்ய வேண்டியிருந்ததால் போனை யார் யாரோ வாங்கி வாங்கிப் பிடித்தார்கள். பாதி நேரம் எனக்குத் தெரிந்தது யாரோ ஒருவரின் நனைந்த சட்டை முதுகும், அதற்கு மேல் பனிமூட்டமும்தான். குழியருகே போனதும் சிக்னல் அறுந்துவிட்டது. நான் அன்று விடுமுறை எடுக்கவில்லை. ஆய்வுகூடத்தின் பின்னறையில் வெள்ளைக் கோட்டோடு நின்று பார்த்தேன்.

வாக்களிப்பு நாளன்று மாயா தீதி வந்து வாசலில் நின்றார். துக்க வீடு என்பதால் உள்ளே வரத் தயங்கினார்.

"இப்போது யாருக்குப் போடுவது?" என்று கேட்டார். "நீ சொல்வதுபோலச் செய்வோம். எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள்."

எனக்கு ஒரு கணம் நெஞ்சில் கசப்பு ஏறியது. யாருக்கும் போடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எதிராக நின்றவர் வந்தால் இந்தக் கட்டிடத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பெற்றோரைப் பார்க்கவே முடியாமல் போவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அவருக்கே போடுங்க தீதி. சொன்னது சொன்னதுதான்."

மிகக் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார்.

7

நேற்று எலன் கூப்பிட்டாள். நல்ல செய்தி என்றாள். இனி உங்கள் விஷயத்தை மறுபடி எடுக்கலாம், இன்றே நினைவூட்டல் அனுப்புகிறேன், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். அழுகையை மறைத்துக்கொண்டு, மெதுவாக, அவள் சொல்லியே ஆக வேண்டியதையும் சொன்னாள். நோயாளியைப் பார்க்க என்ற அவசரக் காரணம் இப்போது இல்லாமல் போய்விட்டது. அடக்கமும் முடிந்துவிட்டது. ஆகவே பயண அனுமதி பொது வரிசைக்குப் போகும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நான் நன்றி சொல்லி வைத்தேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

இன்று வேலை முடிந்து வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கும்போது அம்மா கூப்பிட்டார். அம்மா தானாகப் போன் எடுப்பதில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்ணிடம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"பாப்பா, நம்மாளு செயிச்சிட்டாராமே? தம்பி சொன்னான்."

"ஆமாம்மா."

"லயத்துல எல்லாரும் வந்து விசாரிச்சாங்க. ஒங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் பட்டாசு கொளுத்தியிருப்பாரு. துக்க வீடுன்னு நாங்க ஒண்ணும் பண்ணல."

"பரவால்லம்மா."

"கருமாதிய தம்பி தள்ளி வச்சிருக்கான். நான்தான் சொன்னேன், அக்கா வந்துரும், அதுக்கு அப்புறம் வச்சிக்கலாம்னு. அவருதான் செயிச்சிட்டாருல்ல?"

போன் அறுந்துவிட்டதோ என்று அம்மா பக்கத்திலிருந்தவரிடம் கேட்பது கேட்டது. பிறகு மறுபடியும் வாயருகில் வைத்து, சத்தத்தைக் கூட்டிக் கேட்டார்.

"இனிமே ஒன்னைய விட்டுருவாங்கதானே பாப்பா?"

"விட்டுருவாங்கம்மா" என்றேன்.